இலை வெட்டும் நேரம்: குடியாத்தம் பக்கத்து ஒரு குழந்தையின் 14 மாதங்கள்

ஒரு மார்ச் மாதம், அங்கன்வாடியில் எடை போடும் நாளில் வந்திருந்த நடமாடும் மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த சீட்டோடு ஓர் அம்மா எங்கள் பயிற்சி மையத்துக்கு வந்தார். இடுப்பில் 19 மாதப் பையன். சீட்டில் 'வளர்ச்சித் தாமதம், கால் விறைப்பு' என்று இருந்தது. பையனின் பெயர் இங்கே வேண்டாம். வீட்டில் எல்லோரும் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். நன்றாகப் போன எத்தனையோ குழந்தைகளைப் பற்றி எழுதலாம். ஆனால் இந்தக் குழந்தையிடம் முதல் மூன்று மாதம் எதுவுமே நடக்கவில்லை, காரணம் நான் எழுதிக் கொடுத்த தாளிலேயே இருந்தது. இதே வேலையில் இருக்கும் பிசியோக்கள், சிறப்பாசிரியர்கள், பேச்சுப் பயிற்சியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோருக்கும் அது பயன்படும் என்று நினைக்கிறேன்.

குழந்தையும் வீடும்

தம்பி 31 வாரத்தில் பிறந்தவன். எடை 1.4 கிலோ. 24 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் கொடுத்த ஆங்கிலத் தாளின் கடைசி வரி, 'ஆபத்து அதிகமுள்ள குழந்தை, தொடர்ந்து பார்க்க வேண்டும்' என்கிறது. அந்த வரியை யாரும் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் 19 மாதம் பத்திரமாக வைத்திருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. இப்படிப் பிறந்த குழந்தையின் அசைவுகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பார்த்தால், மூளை முடக்குவாதத்துக்கான (வளரும் மூளையில் விழுந்த அடியால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை, தம்பிக்கு இருப்பது அதுதான்) அறிகுறிகளை ஐந்து மாதத்துக்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டிருந்தது.

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஊர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து கூட்டிக்கொண்டு போகும், திரும்பி வர இரவு ஏழாகிவிடும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா ஒருத்தி. அப்புறம் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா. வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்.

என்ன பார்த்தோம்

ஒன்பது வாரம் முன்னால் பிறந்ததைக் கழித்தால் அவனுக்கு 17 மாதம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக இருக்கும் திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டையில் 17 கேள்விகள்தான். ஒரு பேனா இருந்தால் போதும், சில நிமிடத்தில் வயதுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று தெரிந்துவிடும். தம்பிக்குக் கையும் பேச்சைப் புரிந்துகொள்வதும் வயதை ஒட்டியே இருந்தன. கால்தான் பின்தங்கியிருந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் போல் பின்னிக்கொள்ளும், நிற்கவைத்தால் நுனிக்காலில் நிற்பான். இடுப்பைப் பிடித்தால் உட்காருவான். வயிற்றால் ஊர்ந்து போவான்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஏன் கால்தான் அதிகம் பாதிக்கிறது என்று பெற்றோர் கேட்பார்கள். நான் ஒரு படம் வரைந்து காட்டுவேன். மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. காலுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டியே ஓடுகின்றன, கைக்குப் போகிறவை கொஞ்சம் தள்ளி ஓடுகின்றன. கர்ப்பத்தின் 24 முதல் 32 வாரம் வரை அந்த ஓரம்தான் மிக மென்மையான இடம். அந்தச் சமயத்தில் ரத்த ஓட்டமோ ஆக்சிஜனோ குறைந்தால் அடி முதலில் அங்கே விழுகிறது. அம்மா எதைச் சாப்பிட்டார், எங்கே விழுந்தார் என்பதெல்லாம் இதில் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எப்போதும் இரண்டு முறை சொல்வேன்.

அசைவுத் திறனை வகைப்படுத்த நாங்கள் பயன்படுத்துவது ஜி.எம்.எஃப்.சி.எஸ்., கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997-இல் உருவானது. ஐந்து நிலைகள், ஒன்று மிக லேசானது. தம்பி மூன்றாம் நிலை. காது சரி, வலிப்பு இல்லை. வலது கண்ணில் மாறுகண் இருந்ததால் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். எடை 8.2 கிலோ, வயதுக்குக் குறைவு. ஒரு வேளைச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது என்றார் அம்மா.

முதல் தாள்

ஒன்பது பயிற்சிகள். கணுக்கால் இழுத்துப் பிடித்தல், தொடையை விரித்தல், குப்புறப் போட்டுக் கை ஊன்றவைத்தல் என்று படம் வரைந்து, எத்தனை முறை, எத்தனை வேளை என்று எழுதி அம்மா கையில் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னேன். மூன்று மாதத்தில் நான்கு முறை வந்தார். "செய்யறேன் மேடம்" என்பார். குழந்தையிடம் மாற்றம் இல்லை, கணுக்கால் இன்னும் இறுகியிருந்தது. கோப்பில் நான் எழுதிய வார்த்தை: 'ஒத்துழைப்பு குறைவு'.

பிறகுதான் கணக்குப் போட்டேன். அந்தத் தாளில் இருந்தது நாளுக்கு 110 நிமிடம். அந்த அம்மாவிடம், குழந்தை விழித்திருந்து, அடுப்பு வேலை இல்லாமல் இரண்டு கையும் சும்மா இருக்கும் நேரம் 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தையும் இறுகிய காலை இழுத்து அவனை அழவைப்பதில் செலவழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது வேலூருக்குப் புதிதல்ல. பாகாயத்தில் சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) நம்பிக்கை நிலையத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரைக் கூடவே தங்கவைத்து, அவர்களையே பயிற்சியாளர்களாக ஆக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் எல்லோரும் அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் பெற்றோர் என்றால் அம்மா, அம்மா என்றால் மையத்துக்கு வருகிறவர் என்று என் மனசில் குறுகிப் போயிருந்தது. குழந்தை பகல் முழுக்க யார் கையில் இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்குப் போன நாள்

ஜூனில் ஒரு காலை எட்டரை மணிக்குப் போனேன். பழைய ஓட்டு வீடு, முன்னால் நீளமான திண்ணை. ஆயா திண்ணையில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். முந்தின இரவு நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த பீடி இலை. தகட்டை இலைமேல் வைத்து, நரம்பு நடுவில் வராமல் திருப்பி, கத்தரியால் இரண்டே வெட்டு. என்னைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

"இன்னா கண்ணு, நீதான் அந்த எக்சசைஸ் டீச்சரா? உன் தாளு சாமி படத்துப் பின்னால பத்திரமா கீது."

பத்திரமாகத்தான் இருந்தது. ஆயாவுக்கு எழுத்து தெரியாது. அந்தப் படங்கள் என்ன சொல்கின்றன என்று அவரிடம் யாரும் விளக்கவில்லை.

தம்பி அவர் இடது தொடையில் குதிரை ஏறுவது போல் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். கால் பின்னவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. காலி நூல்கண்டு ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். நான் தாளில் மூன்றாவது படமாக வரைந்தது இதேதான், தொடை விரிந்த நிலையில் உட்காரவைப்பது. "யார் ஆயா இப்படி உட்கார வைக்கச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? இப்படி வெச்சாதான் காலு பின்னிக்காம கீறான். கீழ போட்டா கத்துறான்."

அன்று நான் எந்தப் பயிற்சியும் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து நடப்பதைச் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒரு தாளின் பின்பக்கம் நான்கு கட்டம் போட்டு எழுதினேன்: நேரம், யார் கையில், எந்த இடத்தில், எந்த நிலையில். அவன் விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் ஆயாவிடம் ஒன்பதரை, அக்காவிடம் ஒன்றரை, அம்மாவிடம் அடுப்பு வேலைக்கு நடுவே சேர்த்து ஒன்றரை, அப்பாவிடம் அரை. இடம் என்ற கட்டத்தில் திண்ணை திரும்பத் திரும்ப வந்தது. நிலை என்ற கட்டத்தில் ஐந்து மணி நேரம் 'படுத்திருக்கிறான்' என்று வந்தது. இந்த நாலு கட்டத் தாளைத்தான் இப்போது எல்லாக் குழந்தைகளுக்கும் முதலில் எழுதுகிறோம். வேறு எந்த அளவுகோலை விடவும் எனக்கு இது அதிகம் சொல்லியிருக்கிறது.

படுத்திருந்த அந்த ஐந்து மணி நேரம் எதனால் என்பதும் அன்றே தெரிந்தது. பத்து மணிக்கு மேல் முறத்தில் புகையிலைத் தூள் வந்துவிடும். தூள் அவன்மேல் படக்கூடாது என்று ஆயாவே அவனை உள்ளே ஒரு சாக்கில் படுக்கப் போட்டுவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆக, இலை வெட்டும் இரண்டு மணி நேரத்தில் தூள் இல்லை, ஆயாவின் கண் குழந்தைமேல், இருவரும் ஒரே இடத்தில். எங்களுக்கு வேண்டியது அந்த நேரம்தான்.

திண்ணை, மூட்டை, வாசப்படி

திண்ணையின் உயரம் 18 அங்குலம். தரையில் நின்றால் அவன் மார்புக்கு வந்தது. கணுக்காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் மாட்டி, கோரைப்பாயில் நிற்கவைத்து, முன்னால் திண்ணை, பின்னால் பீடி இலை மூட்டை. மூட்டை கல் போலவும் இல்லை, தலையணை போலவும் இல்லை. பின்னால் சாய்ந்தால் தாங்கும், முழுதாக உட்காரவும் விடாது. நிற்கவைக்கும் மரச்சட்டம் செய்ய ஆசாரியிடம் விலை கேட்டு வைத்திருந்தேன், தேவைப்படவில்லை. திண்ணைமேல் ஒரு தகர டப்பா, அதில் போட்டு எடுக்க நூல்கண்டுகள். கத்தரி ஆயாவின் வலப்பக்கம், குழந்தை இடப்பக்கம். இதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

இலக்குகளை எழுத நாங்கள் மைனஸ் இரண்டிலிருந்து பிளஸ் இரண்டு வரை ஐந்து படி கொண்ட முறையைப் பயன்படுத்துகிறோம். சைபர் என்றால் எதிர்பார்த்தது நடந்தது. இந்த முறை படிகளை ஆயாவே சொன்னார். தொடக்கம், யாராவது பிடிக்காமல் நிற்கமாட்டான், அது மைனஸ் இரண்டு. ஒரு கட்டு இலை வெட்டி முடியும் வரை திண்ணையைப் பிடித்து நிற்பது சைபர். திண்ணையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பக்கவாட்டில் அடி வைத்துப் போவது பிளஸ் இரண்டு. நிமிடம் என்று நான் எழுதியிருந்தால் அவர் கடிகாரம் பார்க்கப் போவதில்லை. கட்டு அவருக்குத் தெரியும். "வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுக்கு இவனைத் தோள்ல தூக்காம நிக்க வெச்சுக் காட்டணும்" என்றார். சிரசு என்பது அம்மனின் தலை ஊர்வலமாகப் போகும் திருவிழா. அதையும் எழுதிக்கொண்டோம்.

சாயங்காலம் அக்காவின் நேரம். தம்பி வாசப்படியில் உட்கார்ந்திருப்பான், அக்கா எதிரில் கடை வைப்பாள். எழுந்து நின்று இலையைக் காசாகக் கொடுத்தால்தான் சாமான் கிடைக்கும். ஒரு மாலைக்கு இருபது முறை உட்கார்ந்து எழுவான். தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட நல்ல வலுப் பயிற்சி எனக்குத் தெரியாது. அடுத்தவர் கையால் இழுத்துப் பிடிப்பதை விட, குழந்தை தனக்கு வேண்டியதற்காகத் தானே முயன்று, தான் வாழும் இடத்தில் பலமுறை செய்வதுதான் பலன் தருகிறது என்று இந்த இருபது வருட ஆராய்ச்சிகள் சொல்லிவருகின்றன. படித்திருந்தேன். இருந்தும் இழுத்துப் பிடிக்கும் ஒன்பது படம் வரைந்தேன்.

ஊட்டும் விதத்தையும் மாற்றினோம். மல்லாக்க மடியில் போட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டியதால்தான் புரையேறிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை லேசாகக் கீழே பார்க்கும்படி வைத்து, கேழ்வரகுக் கூழைக் கெட்டியாக்கி, சின்ன ஸ்பூனில் எதிரிலிருந்து கொடுக்கக் காட்டினார். ஊட்டும் முன் ஆயா சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், புகையிலைக்காக.

அம்மாவுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. இரவு அந்த 40 நிமிடம் வெந்நீர்க் குளியல், மடியில் கதை, தூக்கம். அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும் இல்ல மேடம்" என்றார். தெரியும் என்றேன். கோப்பில் இருந்த அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட்டு, 'திட்டம் வீட்டுக்குப் பொருந்தவில்லை' என்று எழுதினேன்.

ஷூ

ஸ்பிளின்ட் மாட்டிய கால் எந்தக் கடை ஷூவிலும் நுழையாது. எல்லா ஊரிலும் இதே சிக்கல்தான். வழுக்குகிறது என்று பாதிக் குழந்தைகள் ஸ்பிளின்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தம்பியின் அம்மா தினமும் ஏற்றுமதி ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். இரண்டு அளவு பெரிய ஷூ ஒன்று வாங்கி, நாக்கை விரல் நுனி வரை பிரித்து, பக்கங்களைத் திறந்து, வெல்க்ரோ வைத்துத் தைத்து எடுத்துவந்தார். புத்தகம் போல் விரிகிறது. காலை வைத்து மூடினால் போதும். நான் கையில் வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் ஒரு இழை விலகவில்லை. உள்பக்கம் கணுக்கால் எலும்பு படும் இடத்தில் மெல்லிய ஃபோம் வைத்திருந்தார், அதை நான் சொல்லவில்லை.

இந்தப் பக்கத்துக்குக் காலணி வைத்தியம் புதிதல்ல. உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமலிருக்க மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு செய்யும் வேலை வேலூரிலும் கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்திலிருந்தே நடக்கிறது. அந்தக் கைத்திறன் நம் குழந்தைகளின் வீடுகளிலேயே இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். அந்த அம்மா இதுவரை எங்கள் மையத்தின் வேறு மூன்று குழந்தைகளுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறார், கூலியோடு.

காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் (தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டம்) திட்டத்தில்தான் நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. 18 வயது வரை அதில் பார்ப்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில் மூளை முடக்குவாதத்துக்குத் தனிப் பெயர் உண்டு. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தோம். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவுக்கும் உண்டு, ஆனால் இங்கே பலருக்குத் தெரிவதில்லை. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதற்குப் பிரிவு, சதவீத வரம்பு உண்டு என்பதை முன்கூட்டியே குடும்பத்துக்குச் சொல்லிவிடுங்கள். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தின் பிசியோ இப்போது மாதம் இரண்டு முறை அந்தத் திண்ணைக்கே வருகிறார்.

இதில் குடும்பம் இழந்தது நாட்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகி, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகிவிட்டது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். கம்பெனியில் யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா முதலில் திருப்பத்தூருக்குப் போய்த் திரும்பினார். வீடு வேலூர் மாவட்டத்தில் இருப்பதால் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். ஐந்து நாள் சம்பளம் போன பிறகுதான் அட்டை வந்தது. இப்போது எந்த அலுவலகம், எந்தக் கிழமை, என்னென்ன நகல் என்று ஒரே தாளில் தமிழில் எழுதி முதல் நாளே கொடுக்கிறோம்.

நடப்பானா?

ஆயா இதை நேராகக் கேட்டார். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிடும் குழந்தைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் நடந்துவிடுகிறார்கள், தம்பி அதற்குச் சற்று முன்பு உட்கார்ந்துவிட்டான். ஆனால் மூன்றாம் நிலை என்பது பிடிமானத்தோடு, வாக்கர் போன்ற ஒன்றோடு நடப்பது. நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. அடையக்கூடிய அசைவுத் திறனில் 90 சதவீதத்தை ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுவார்கள், அதனால்தான் இந்த வருடங்கள் முக்கியம். இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வேலூரில்தான் வேலை பார்த்தார் என்பதையும் சொன்னேன். ஆயா கேட்டுக்கொண்டு, "வாக்கர்னா எவ்ளோ ஆவும்?" என்றார்.

14 மாதம் கழித்து

அடுத்த மே மாதம் தம்பிக்கு 33 மாதம். எடை 11.2 கிலோ. சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிகிறது. முட்டி போட்டுத் தவழ்கிறான், பிடித்து எழுகிறான். ஒரு கட்டு இலை முடியும் வரை நிற்கிறான், திண்ணையின் பாதி தூரம் பக்கவாட்டில் அடி வைக்கிறான். பிளஸ் ஒன்று என்று எழுதினோம். கண்ணாடி போட்டிருக்கிறான், நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் மூடிவைக்கிறார்கள். சிரசு அன்று குடியாத்தத்தில் ஒரு கடையின் இரும்புக் கிராதியைப் பிடித்துக்கொண்டு, ஆயா பக்கத்தில் நிற்க, அம்மன் போகும் வரை நின்றிருக்கிறான்.

முடியாத விஷயங்களும் உண்டு. வலது இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயில் லேசாக வெளியே நகர்ந்திருக்கிறது. ஒன்றாம் நிலைக் குழந்தைகளிடம் இது ஏறக்குறைய இல்லை, மூன்றாம் நிலையில் பத்தில் நான்கு பேருக்கு, ஐந்தாம் நிலையில் பத்தில் ஒன்பது பேருக்கு வரும். வலி இல்லாமலே நகரும் என்பதால் படம் எடுத்துத்தான் தெரிய வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கிறோம். இறுக்கத்தைத் தளர்த்தக் கெண்டைக்காலில் போடும் ஊசி பற்றி எலும்பு மருத்துவர் அப்போது முடிவு செய்வார். மழை நாளில் ஆயா முறத்தோடு உள்ளே வந்துவிடுகிறார், அன்று தூளை விலக்க எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. ஆயாவின் இருமலுக்கும் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை.

அங்கன்வாடிக்கு அனுப்புவதுதான் இப்போதைய வேலை. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று ஒன்றிய அரசு 2023 நவம்பரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆனால் பணியாளர் கேட்டது, "விழுந்துட்டா யார் பதில் சொல்றது?" என்று. நியாயமான பயம். அவரை ஒரு நாள் காலை எட்டரைக்குத் திண்ணைக்கு வரச் சொன்னோம். தம்பி விழுவதையும், மூட்டையில் சாய்ந்து தானே எழுவதையும் அரை மணி நேரம் பார்த்தார். சரி, வாசலில் ஒரு பிடி மட்டும் வேண்டும் என்றார். அப்பா பைப் வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்.

அங்கன்வாடிப் படி எத்தனை உயரம் என்று ஆயா கேட்டார். அளந்து பார்த்தேன், ஒன்பது அங்குலம். வீட்டு வாசப்படி ஆறு. அடுத்த முறை நான் போனபோது வாசப்படி மேல் வரிசையாகச் செங்கல் படுக்கவைத்து அப்பா சிமெண்ட் பூசியிருந்தார். மூன்று அங்குலச் செங்கல். தம்பி வலது காலை மேலே வைத்துவிடுகிறான். இடது கால் இன்னும் வரவில்லை.